வாரத்துக்கு ரெண்டா, ரெண்டு வாரத்துக்கு ஒண்ணா

தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகும் சாலையில், ஒரு செருப்புக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிய ஓர் அறை இருக்கிறது. 'சாரோன் டைப்பிங், ஜெராக்ஸ்' என்று பலகை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சத்தியபாய்.

சத்தியபாய்க்கு ஐம்பத்துநாலு வயது. பட்டா மாற்றத்துக்கு மனு, வாடகைச் சீட்டு, வளைகுடாவுக்குப் போகிறவர்களின் அனுபவச் சான்றிதழ், சபை அறிவிப்பு, ஓய்வு பெறுகிறவர்களுக்கு வாசித்தளிக்கும் மடல் என்று முப்பது வருடமாக ஊர்க்காரர்கள் சொல்லச் சொல்ல அடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். கணவர் ஜெபதாஸ் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மத்தியானம் ஒரு மணிக்குச் சோற்றுப் பாத்திரத்துடன் வந்து, மனைவி சாப்பிடுகிற வரைக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார்.

சத்தியபாய்க்கு இங்கிலீஷ் பிடிக்கும். அதிலும் காலத்தைச் சொல்லும் வார்த்தைகள் மீது தனிப் பிரியம். பத்தொன்பது வயதில் நாகர்கோவிலில் டைப்பிங் படித்தபோது, வேகப் பயிற்சிக்குக் கொடுத்த தாள்களெல்லாம் வியாபாரக் கடிதங்களாக இருந்தன. 'ஃபோர்ட்நைட்' என்ற வார்த்தையை அங்கேதான் முதன்முதலில் அடித்தார். பதினாலு இரவுகளை மடித்து ஒரே வார்த்தைக்குள் வைத்திருக்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டார். தமிழில் பட்சம் என்று அதற்குச் சமமாக ஒன்று உண்டு, ஆனால் அதைப் பஞ்சாங்கத்துக்கு வெளியே யாரும் எடுப்பதில்லை. குவார்ட்டர்லி, பெர் ஆனம், டெக்கேட், ஸ்கோர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டார். பிறகு அவர் அடித்த எந்தத் தாளிலும் 'பதினைந்து நாள்' என்று வந்ததில்லை. ஃபோர்ட்நைட்தான். இப்போது கடைக்கு வரும் பையன்கள் அது துப்பாக்கி விளையாட்டின் பெயர் என்று சொல்கிறார்கள். அவர் நம்புவதில்லை.

ஒரு தடவை ராஜகுமார் என்ற தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். அவருக்கு வாசித்தளிக்கும் மடலில், அறுபது வயது நிறைந்தவர் என்பதை 'மூன்று ஸ்கோர் ஆண்டுகள்' என்று இங்கிலீஷில் போட்டுக் கொடுத்தார் சத்தியபாய். ஒரு ஸ்கோர் என்றால் இருபது. விழாவில் அதை வாசித்தபோது பின்வரிசையில் ஒருவர், "சாருக்கு மூணு மார்க்குதான் போட்டிருக்கானுவ" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அது பரவிச் சிரிப்பாகி, தலைமையாசிரியர் காதுவரைக்கும் போனது. அவர் மறுநாள் கடைக்கு வந்து, "அருமையான வார்த்தை, ஆனா எனக்கே டிக்‌ஷனரி பாக்க வேண்டி வந்துட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார் சத்தியபாய்.

"உனக்க இங்கிலீஷுக்கு அர்த்தம் சொல்லுகதுக்கு வாசல்ல ஒரு ஆள வச்சிரலாம்" என்பார் ஜெபதாஸ்.

"பஸ்ஸுல டிக்கெட் கிழிச்ச ஆளுக்கு இதெல்லாம் புரியாது."

போன வருடம் ஜூன் மாதத்தில், பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகியிருந்தபோது, மூன்று பேர் கடைக்கு வந்தார்கள். முருகதாஸ் என்ற முப்பத்தைந்து வயது எலெக்ட்ரீஷியன், அவன் மனைவி சபிதா, சபிதாவின் அண்ணன் மகேஷ்குமார். முருகதாஸ் ஷார்ஜாவில் வேலை பார்த்துத் திரும்பியவன். தக்கலைக்குப் பக்கத்தில் குமாரகோவிலில் வீடு. சபிதா அருமனை என்ற ஊரில் அம்மா வீட்டில் இருந்தாள். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையின் பில்லிங் கவுண்டரில் வேலை. இருவரும் பிரிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நந்தனா என்று ஒரே பெண் குழந்தை, ஏழு வயது, அம்மாவோடு இருந்தாள்.

குழந்தையை அப்பா எப்போதெல்லாம் பார்க்கலாம் என்பதில்தான் ஒரு மாதமாகப் பேச்சு. இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் மூன்று முறை உட்கார்ந்து பேசிவிட்டுக் களைத்துப் போயிருந்தார்கள். மற்ற எல்லாம் முடிந்தது, இது ஒன்றை நீங்களே பேசி எழுதிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இங்கிலீஷில் இருந்தால்தான் கெட்டியாக இருக்கும் என்று மகேஷ்குமாருக்கு எண்ணம்.

சத்தியபாய் அடிக்க ஆரம்பித்தார். பெயர், விலாசம், குழந்தையின் படிப்பு, மருத்துவம் எல்லாம் தடையில்லாமல் போனது. பார்க்க வரும் நாளுக்கு வந்ததும் கையை நிறுத்தி, "இது எப்பிடிப் போடணும்?" என்று கேட்டார்.

"வாரத்துல ரெண்டு" என்றான் முருகதாஸ். அதே நொடியில் சபிதா, "ரெண்டு வாரத்துல ஒண்ணு" என்றாள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. வெளியே ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. சத்தியபாய் காதில் விழுந்தது 'ரெண்டு', 'வாரம்' என்ற இரண்டு சொற்கள் மட்டுந்தான். அவர் முகம் மலர்ந்தது.

"அதுக்கு ஒரே வார்த்த இருக்கு மக்கா. பைவீக்லி."

அடித்து, திரையைத் திருப்பிக் காட்டினார். முருகதாஸ் பார்த்தான். ஷார்ஜாவில் அவன் கம்பெனியில் பைவீக்லி பரிசோதனை என்று ஒன்று இருந்தது. ஞாயிறும் புதனும், வாரம் இரண்டு தடவை, கட்டிடம் கட்டிடமாக ஏறி மின்பெட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டும். சபிதா இறங்கி வந்துவிட்டாள் என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. சபிதாவும் பார்த்தாள். அவள் மருத்துவமனையில் பைவீக்லி கணக்கு என்று ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒன்று விட்டு ஒரு வெள்ளிக்கிழமை அனுப்புவது. இந்த மனிதர் ஒருவழியாகச் சொன்னதைக் கேட்டார் என்று அவளுக்கு நிம்மதி.

"இது போதும்" என்றான் அவன்.

"எனக்கும் சம்மதந்தான்" என்றாள் அவள்.

மகேஷ்குமார் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு பெருமூச்சு விட்டான். கையெழுத்துப் போட்டார்கள். போகும்போது முருகதாஸ் சத்தியபாயிடம், "ஒரு மாசமாட்டு முடியாதத ஒரு வார்த்தையில முடிச்சிட்டிய அக்கா" என்றான். அன்று மத்தியானம் சோறு சாப்பிடும்போது சத்தியபாய் அதைக் கணவரிடம் இரண்டு தடவை சொன்னார்.

சனிக்கிழமை முருகதாஸ் அருமனைக்குப் போய்க் குழந்தையைப் பார்த்தான். அதில் தகராறு இல்லை. அடுத்த புதன்கிழமை சாயங்காலம் ஒரு கிலோ ஏத்தம்பழமும் ஒரு பெட்டி கலர் பென்சிலும் வாங்கிக்கொண்டு மறுபடியும் போய் நின்றபோதுதான் வந்தது வினை. சபிதா பணிக்குப் போயிருந்தாள். மகேஷ்குமார் வாசலில் கையை நீட்டி மறித்தான்.

"இன்னும் பத்து நாளு கெடக்கு. இப்பம் என்னத்துக்கு வந்திய?"

"வாரம் ரெண்டு தடவைன்னு எழுதியாச்சு. நீயும் பக்கத்துல நின்னுட்டுத்தானே இருந்த."

சத்தம் கூடியது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. உள்ளேயிருந்து ஓடி வந்த நந்தனா, இருவருக்கும் நடுவில் நின்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டு, கலர் பென்சில் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு முருகதாஸும் சபிதாவும் தனித்தனி பஸ்ஸில் வந்து ஒரே நேரத்தில் கடைவாசலில் இறங்கினார்கள். இருவர் கையிலும் தாள் இருந்தது.

"அக்கா, நீங்கதானே அடிச்சிய. நீங்களே சொல்லுங்க, இதுக்கு என்ன அர்த்தம்?" என்றாள் சபிதா.

சத்தியபாய்க்குச் சந்தேகமே இல்லை. "ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா" என்றார்.

சபிதா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். முருகதாஸ் விடவில்லை. "ஷார்ஜாவுல நாலு வருஷம் வாரம் ரெண்டு தடவ ஏணியில ஏறினவன் நான். எனக்கா தெரியாது?"

"இரி தம்பி. டிக்‌ஷனரியப் பாத்திருவோம்."

பழுப்பு அட்டை போட்ட தடித்த அகராதி மேஜையடியில் இருந்தது. எடுத்துத் தூசி தட்டி, கண்ணாடியை மாட்டி, விரலை ஓட்டி வார்த்தையைக் கண்டுபிடித்தார் சத்தியபாய். 'ஒன்று: இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை' என்று உரக்கப் படித்தார். அடுத்த வரிக்குக் கண் போனது. அங்கே 'இரண்டு: வாரத்திற்கு இருமுறை' என்று இருந்தது.

அவர் வாய் நின்றுவிட்டது. புத்தகத்தை மூடிவிடலாம். எதிரில் இருப்பவர்கள் இருவருக்கும் இவ்வளவு சின்ன எழுத்துத் தலைகீழாகத் தெரியாது. மூடினால் அவர் சொன்னது சரியாகிவிடும், முப்பது வருடப் பெயரும் நிற்கும்.

"இன்னொண்ணும் போட்டிருக்கான்" என்றார் மெதுவாக. இரண்டாவது வரியையும் படித்தார்.



"ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்கட்டும்" என்றான் முருகதாஸ். "அது ஒண்ணுக்கொண்ணு எதிரால்லா இருக்கு. இப்பிடி வச்சிட்டுப் போனவன் ஆரு?"

சபிதாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"தப்பு எனக்க மேலதான்" என்றார் சத்தியபாய். "நீங்க ரெண்டு பேரும் சொன்னத நான் ஒழுங்காக் கேக்கல. நல்ல வார்த்த கெடச்சுதுன்னு அடிச்சுப் போட்டேன். ஞாயித்துக்கிழமை ஆராதன முடிஞ்சு கடையத் திறக்கேன். மூணு மணிக்கு ரெண்டு பேரும் வாருங்க. வேற ஆளு வேண்டாம். புதுசா அடிப்போம்."

அவர்கள் போன பிறகு அவருக்கு வேலை ஓடவில்லை. ஜெபதாஸ் சோறு கொண்டுவந்தபோது நடந்ததைச் சொன்னார். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தார். அவர் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, "இந்த வார்த்தைய வேற எதுல எல்லாம் போட்டிருக்க?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி சத்தியபாயை உலுக்கிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை கம்ப்யூட்டரில் தேடினார். பைவீக்லியும் பைமன்த்லியுமாகப் பதினொரு தாள்கள் அகப்பட்டன. ஒவ்வொன்றிலும் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார்.

ஜெபசீலன் என்பவர் ஒரு குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். சங்கக் கூட்டம் பைமன்த்லி என்று விதிமுறையில் அடித்துக் கொடுத்திருந்தார் சத்தியபாய். "ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கூட்டம். கரண்ட் பில்லு எடுக்க வாறது மாதிரி" என்றார் ஜெபசீலன். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா தலைவரு மாசம் ரெண்டு தடவ வந்து, பூட்டுன ஹாலப் பாத்துட்டு, இந்த ஊருல ஒருத்தனுக்கும் பொறுப்பில்லைன்னு வாட்ஸாப்புல எழுதிட்டுப் போறாரு. எதுக்குன்னு எங்க யாருக்கும் இதுவரைக்கும் விளங்கல" என்றார்.

ஒரு கால்நடை மருத்துவர் நாய் வளர்ப்பவர்களுக்குக் கொடுக்கும் குறிப்புச் சீட்டையும் சத்தியபாய்தான் அடித்திருந்தார். உண்ணிக்கான மருந்துக் குளியல் பைவீக்லி. மருத்துவர் நினைத்தது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அவர் விசாரித்துச் சொன்னபடி, ஷைஜா என்ற பெண் தன் நாயை வாரம் இரண்டு தடவை குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, உடம்பு பளபளவென்று இருந்தது, ஆனால் வாளியைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிறதாம்.

கடைசியாக ஒரு சபையின் பாடகர் குழுத் தலைவர் சுந்தர்சிங். பாடல் பயிற்சி பைவீக்லி என்று அறிவிப்பு. சத்தியபாய் விஷயத்தைச் சொன்னார்.

"பெண்ணுங்க செவ்வாயும் சனியும் வருகாளுவ. ஆம்பிளைங்க ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமைதான். ஆம்பிளைங்கள ஒன்றரை வருஷமாட்டு சோம்பேறின்னு ஏசிட்டு இருக்கேன் சத்தியபாய். இனி அவனுவ முகத்துல எப்பிடி முழிப்பேன்?"

"ஆரு சரியாப் பாடுகது?"

"அதச் சொல்லாதிய. பெண்ணுங்கதான்."

போனை வைத்துவிட்டு சத்தியபாய் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். வியாழக்கிழமை முதல் நெஞ்சில் இருந்த பாரம் பாதியாகக் குறைந்ததுபோல் இருந்தது. பதினொரு தாளையும் திறந்து, நாளையும் கிழமையையும் வெளிப்படையாக எழுதித் திருத்தி, எல்லாருக்கும் அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சபிதா வந்துவிட்டாள். ஜெபதாஸ் டீயும் பழபஜ்ஜியும் வாங்கி வைத்திருந்தார். மூன்று மணி ஆனது. மூன்றே கால் ஆனது. சபிதா கடிகாரத்தைப் பார்த்தாள். சத்தியபாய் போன் செய்தார். "இப்பம் வாறேன் அக்கா, அஞ்சு நிமிஷம்" என்றான் முருகதாஸ். மூன்று இருபத்தைந்துக்கு வந்து பைக்கை நிறுத்தினான்.

"அஞ்சு நிமிஷந்தான் பிந்திச்சு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தான்.

ஜெபதாஸ் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "தம்பி, இங்கேருந்து எடுத்தா அஞ்சு நிமிஷத்துல நம்ம பஸ்ஸு புலியூர்க்குறிச்சியத் தாண்டும். இருவத்தஞ்சு நிமிஷத்துல பார்வதிபுரத்துல ஆளு எறங்கியாச்சு. நீ பிந்தினது பார்வதிபுரம்."

முருகதாஸ் தலையைச் சொறிந்தான். சபிதா முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"இதுதான் அக்கா. வாரம் ரெண்டா, ஒண்ணா, அது எனக்கு ஒரு காரியமே இல்ல. அஞ்சு நிமிஷத்துல வாறேன்னு போன்ல சொல்லுவாரு. பிள்ள ஷூவப் போட்டுட்டு வாசல்ல போய் உக்காரும். ரெண்டு மணிக்கூறு உக்காரும். ரெண்டு மாசத்துல வந்திருவேன்னு ஷார்ஜாவுக்குத் திரும்பப் போனாரு. வந்தது ரெண்டேகால் வருஷம் கழிச்சு. அம்மா, ரெண்டு மாசம்னா எவ்வளவுன்னு நந்தனா கேட்டா, நான் என்ன சொல்லுகது? இப்பிடி வாரம் ரெண்டு தடவ பிள்ளைய வாசல்ல உக்கார வைக்கதுக்கு, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா உக்கார வைக்கது மேலுன்னு நெனச்சேன்."

அவர்கள் பிரிந்ததற்கு வேறு காரணங்களும் இருந்தன. அவை அவர்களுடையவை, அன்று யாரும் எடுக்கவில்லை. முருகதாஸ் பழபஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் இருந்தான்.

"சொல்லும்போ அஞ்சு நிமிஷம்னுதான் நெசமாவே தோணும்" என்றான். "ஏமாத்தணும்னு சொன்னதில்ல. ஆனா ரெண்டு வாரத்துக்கு ஒருக்காங்கது பெரிய எடவெளி. போன வாரம் பாக்கும்போ பிள்ளைக்கு முன்பல்லு ஆடிட்டு இருந்து. ரெண்டு வாரம் கழிச்சுப் போனா அது விழுந்து அடுத்தது மொளைச்சிருக்கும். நான் பல்லு விழுந்த முகத்தப் பாக்காண்டாமா?"

"புதன்கிழமை ராத்திரியே விழுந்தாச்சு" என்றாள் சபிதா. பிறகு கைப்பையைத் திறந்து, மடித்த காகிதம் ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினாள். "உங்ககிட்ட காட்டணும்னு பத்திரமா வச்சிருக்கா. நான் வாங்கிட்டு வந்தேன்."

முருகதாஸ் பிரித்தான். அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிய பல். வெகு நேரம் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்தான்.

சத்தியபாய் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சுவரிலிருந்த மாதக் காலண்டரைக் கழற்றி மேஜையில் விரித்தார். "இனி வார்த்தை வேண்டாம். கிழமையும் மணியும் மட்டும் சொல்லுங்க. சபிதா, உனக்கு என்னைக்கு வேலை பிந்தி முடியும்?"

"புதன்கிழமை. எட்டு மணியாவும். அம்மாவுக்கு முட்டுவலி, பிள்ளைய பள்ளிக்கூடத்துல போய்க் கூட்ட முடியாது. அண்ணன் கெடச்சா உண்டு."

"தம்பிக்கு?"

"புதன் மத்தியானத்தோட வேலைய நிறுத்திக்கலாம். அருமனையிலயே எனக்க அக்கா வீடு இருக்கு. அங்க வச்சிருந்துட்டு எட்டு மணிக்குக் கொண்டு விடலாம்."

சபிதா யோசித்தாள். "அது எனக்கும் உபகாரந்தான்" என்றாள் கடைசியில். "ஆனா பள்ளிக்கூடம் விடுகது மூணே முக்கால். அப்பம் கேட்டுல நிக்கணும். பார்வதிபுரத்துல நிக்கப்படாது."

ஜெபதாஸுக்கு அதைக் கேட்டுப் பரமசந்தோஷம்.

புதன் முடிந்தது. சனிக்கிழமைக்கு வந்தார்கள். ஒன்று விட்டு ஒரு சனி, காலை பத்திலிருந்து மாலை ஐந்து. எந்தச் சனியிலிருந்து எண்ணுவது என்று சந்தேகம் வராமலிருக்க, அடுத்த ஆறு மாதத்துச் சனிக்கிழமைகளைத் தேதி தேதியாக அடித்தார் சத்தியபாய். தாள் முழுக்கத் தமிழில் இருந்தது.

"பிந்தினா என்ன செய்யது?" என்று கேட்டார்.

"போன் பண்ணணும்" என்றாள் சபிதா. "எத்தன மணிக்கு வந்து சேருவேன்னு மணியாட்டு சொல்லணும். இப்பம் வாறேன்னு சொல்லப்படாது."

சத்தியபாய் அதையும் அடித்தார்: '"இப்போது வருகிறேன்" என்று கூறுவது தகவலாகக் கொள்ளப்படமாட்டாது.' படித்துக் காட்டியபோது நாலு பேரும் சிரித்தார்கள். முருகதாஸ்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தான், கையெழுத்துப் போடும்போது பேனா ஆடியது.

முதல் புதன்கிழமை அவன் மூன்று ஐந்துக்கே பள்ளிக்கூட வாசலுக்குப் போய், நாற்பது நிமிடம் வெயிலில் நின்றான். இரண்டாவது புதனும் அப்படியே. ஐந்தாவது புதன் வழியில் பைக் டயர் பஞ்சராகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, "நாலு பத்துக்கு வந்து சேருவேன்" என்றான். நாலு எட்டுக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றான். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நந்தனா, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு நிமிடம் மிச்சம் என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் அவள் மணி பார்க்கப் படித்திருந்தாள்.

ஒரு வருடம் ஓடிவிட்டது. முருகதாஸும் சபிதாவும் சேர்ந்து வாழவில்லை, அப்படி ஒரு பேச்சும் இல்லை. ஆனால் சபிதாவின் அம்மா வீட்டு மோட்டார் நின்றுபோனால் முருகதாஸ்தான் போய்ச் சரிசெய்கிறான். மகேஷ்குமார் ஏணியைப் பிடித்துக்கொள்கிறான்.

சத்தியபாய் இங்கிலீஷை விட்டுவிடவில்லை. இப்போதும் யாராவது பதினைந்து நாள் என்று சொன்னால் அவர் விரல் ஃபோர்ட்நைட்டுக்குத்தான் போகும். அடித்துவிட்டு, அதற்குக் கீழே தேதியையும் போடுகிறார். அவசரமாக நிற்பவர்களைக்கூட, "அடுத்த வெள்ளின்னா வாற வெள்ளியா, அதுக்கு அங்கயுள்ள வெள்ளியா?" என்று நிறுத்திக் கேட்காமல் விடுவதில்லை. சிலருக்கு எரிச்சல் வருகிறது. பெரும்பாலானவர்கள் வாயைத் திறந்து, யோசித்து, தங்களுக்கும் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

இந்த மே மாதம் பள்ளி விடுமுறையில் நந்தனாவைப் பத்து நாள் அப்பாவோடு விடுவதென்று இருவரும் பேசி, அதை எழுத ஒன்றாகக் கடைக்கு வந்தார்கள். ஒன்றாம் தேதி காலை பத்து மணி முதல் பத்தாம் தேதி வரை என்றாள் சபிதா.

"பத்தாம் தேதி எத்தன மணி வரைக்கும்?" என்று கேட்டது முருகதாஸ்.

"ஆறு."

"சாயங்காலம் ஆறுன்னு போடுங்க அக்கா."

பத்தாம் தேதி மத்தியானம் அவன் குழந்தையைத் திற்பரப்பு அருவிக்குக் கூட்டிப்போனான். அங்கிருந்து அருமனை பக்கந்தான். ஐந்து ஐம்பதுக்கு வீட்டு வாசலில் பைக் வந்து நின்றது. நந்தனா சொட்டச் சொட்ட நனைந்து இறங்கினாள். சபிதா அவளைத் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு, ஈரத்தலையோடு பிள்ளையை பைக்கில் காற்றில் வைத்துக் கொண்டுவந்ததற்காகவும், தலை துவட்ட ஒரு துவர்த்துகூட எடுத்துப் போகாததற்காகவும், வாசலில் வைத்தே முருகதாஸைக் கால் மணி நேரம் ஏசினாள். நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.